டிரம் நின்ற வாசல்

எங்கள் தெருவில் டிசம்பர் மாதத்தில் ஒரு கிறிஸ்தவ வீட்டு வாசலில் ஸ்டார் தொங்கவில்லை என்றால், அந்த வருஷம் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். யாரும் சட்டம் போட்டு வைத்ததில்லை. எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. ஆனாலும் பாகூர் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்படித்தான். துக்கம் நடந்து வருஷம் திரும்பாத வீட்டில் ஸ்டார் கிடையாது, பலகாரம் கிடையாது, குடில் கிடையாது. கேரல்ஸ் பாடிக்கொண்டு வீடு வீடாக வரும் வாலிபர்கள் முந்தின வீட்டோடு டிரம்மை நிறுத்திவிடுவார்கள். ஓசைப்படாமல் உள்ளே வந்து, பாலன் இயேசு சுரூபத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, செத்தவருக்காக நித்திய இளைப்பாற்றி செபத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்த வீட்டு வாசலுக்குப் போனபிறகுதான் டிரம் மறுபடி அடிக்கும்.

ஒரு காலத்தில் இந்த வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு விளக்கமும் கொடுத்திருக்கிறேன். அடுத்தவர் துக்கத்துக்கு முன்னால் நம் சந்தோஷம் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று, என்னமோ எல்லாம் தெரிந்தவள் மாதிரி. அந்த வாக்கியம் இப்போது ஞாபகத்துக்கு வந்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

என் வீட்டுக்காரர் குட்டியானை வண்டி ஓட்டினார். ஏம்பலத்திலிருந்து காய்கறி, பாகூரிலிருந்து நெல் மூட்டை, கல்யாண வீட்டுக்கு நாற்காலி, இழவு வீட்டுக்கு ஷாமியானா, எதைக் கேட்டாலும் ஏற்றிக்கொண்டு போவார். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சர்தான். பால் வாங்க மறந்துவிட்டு வந்து நின்றாலும் "சாரி டீச்சர்" என்று கையைக் கட்டிக்கொள்வார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இருக்கிற ஒரே மாணவன் நான்தான், அதுவும் பாஸே ஆகாத மாணவன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. அல்சர் என்றார்கள். பிறகு அல்சர் இல்லை என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து ஓய்ந்தபோது ஏரி நிரம்பி வயலெல்லாம் தண்ணீர் நின்றது. வயிற்றில் இருந்த கட்டி ஈரலுக்கும் போய்விட்டது, வீட்டிலேயே வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தக் கையை உதறிவிட வேண்டும் போல இருந்தது.

அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து முன்னறையில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டுப் படுக்க வைத்ததும் அவரே ஆரம்பித்தார்.

"டீச்சர், கிறிஸ்துமஸ் வரைக்கும் தள்ளிட்டன்னா போதும்."

"இன்னா பேச்சு இது?"

"அது முடியலன்னாலும் கேரல்ஸ்காரனுங்க வந்து நம்ம வூட்ல பாடிட்டுப் போவணும். அத்த கேட்டுட்டேன்னா அப்பால இன்னா வேணா ஆவட்டும்."

கேரல்ஸ் என்றால் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். வருஷம் பூராவும் கோயிலில் கடைசி வரிசையில், கதவு ஓரத்தில் நிற்கிற ஆள். பிரசங்கம் நீண்டால் வெளியே போய் வண்டிக்குக் காற்று பார்ப்பார். ஆனால் கேரல்ஸ் வருகிற அன்று காலையிலிருந்தே வண்டியை எடுக்க மாட்டார். வந்தவர்களைச் சும்மா அனுப்பவும் மாட்டார். ஒரு பாட்டுக்கு டீ, ரெண்டு பாட்டுக்குத்தான் கேக் என்று அவர் வைத்த சட்டம் தெருவுக்கே தெரியும். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவனின் கையைப் பிடித்துக்கொண்டு கைலியோடு ஆடுவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வந்தது. பீடத்தில் ஊதாத் துணி விரித்து, வாரத்துக்கு ஒன்றான நாலு மெழுகுவர்த்தியில் முதலாவதை ஏற்றினார்கள். பூசையில் சந்தோஷமாகப் பாடுகிற வானவர் கீதம் கிடையாது. கிறிஸ்துமஸ் வரைக்கும் அதை எடுத்து வைத்துவிடுவார்கள். திருவருகைக் காலம் என்றால் காத்திருப்பு என்று எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த ஞாயிறு அதைச் சொல்லும்போது நாக்கு குழறியது. எல்லா வீட்டிலும் பிறக்கப்போகிறவருக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் எதற்காகக் காத்திருந்தோம் என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்தாலே ஆண்டவர் மேல் கோபம் கோபமாக வந்தது. உம்முடைய வருகை கிடக்கட்டும், இவரை எனக்கு விட்டுவிடும் என்று வேண்டினேன். அது செபமா, சண்டையா என்று ஆண்டவருக்கே வெளிச்சம்.

அந்த வாரமே பரணிலிருந்து எங்கள் ஸ்டாரை இறக்கித் துடைத்தேன். வில்லியனூரில் வாங்கிய பழைய காகித ஸ்டார். உள்ளே மஞ்சள் குண்டு பல்பு. நாற்காலி போட்டு ஏறப்போனபோது அவருடைய அக்கா வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தம்பியைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்து தங்கியிருந்தவர் அவர்.

"இன்னாடி பண்ற?"

"ஸ்டார் கட்டப் போறன்க்கா."

"கட்டிட்டு, நடுவுல எறக்க வேண்டி வந்தா? எரியற ஸ்டார எறக்கலாமாடி? கொஞ்சம் பொறு. பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளலாம் என்றால் எதைப் பார்ப்பது? கேட்டிருப்பேன். ஆனால் அந்த அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. கொல்லைப் பக்கம் போய் அழுதுவிட்டுத்தான் வந்திருந்தார். அவர் தூக்கி வளர்த்த தம்பி. அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பும் இல்லை. ஸ்டார் மறுபடி பரணுக்குப் போயிற்று.

எதிர் வீட்டுக்காரர்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். ஆனாலும் பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள் என்று வருஷா வருஷம் ஒரு ஸ்டார் கட்டுவார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி எரிகிற ஸ்டார். அந்த வெளிச்சம் எங்கள் ஜன்னல் வழியாக வந்து கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் விழும். சாயங்காலமானால் அவர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

"ஸ்டார் வெளிச்சம் நல்லா கீது டீச்சர்" என்றார் ஒருநாள்.

"ம்" என்றேன். நம்முடையது என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும், அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரத்தில் கேரல்ஸ் எங்கள் தெருவுக்கு என்று கோயிலில் சொன்னார்கள். அன்றைக்கு மத்தியானம் வரை மழை. விளக்கு வைக்கிற நேரத்தில் விட்டது. வெந்நீரில் துணியை நனைத்து அவருக்கு உடம்பு துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். தோள் இருந்த இடத்தில் சட்டை தொங்கியது. பட்டன் போடும்போது "கேக்கு வாங்கிட்டியா?" என்றார். வாங்கிவிட்டேன் என்றேன். "ரெண்டு பாட்டு பாடனாதான் தரணும், ஏமாந்துடாத" என்றார். தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்து உட்கார வைத்தேன். அவருடைய அக்கா அடுப்பில் பெரிய பாத்திரத்தில் டீ போட்டார்.

கோயில் பக்கத்திலிருந்து டிரம் சத்தம் கிளம்பியது. ஒவ்வொரு வீடாக நெருங்கி வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இப்போது இந்த வீடு, இப்போது அந்த வீடு என்று சத்தத்தை வைத்தே சொன்னார். பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அங்கே பாட்டு முடிந்து, கைதட்டல் முடிந்து, மறுபடி டிரம் எடுத்தது. நான் எழுந்து கதவை விரியத் திறந்து வைத்தேன்.

டிரம் நின்றுவிட்டது.

சேற்றில் செருப்புகள் சப்சப்பென்று வருகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. யாரோ குசுகுசுவென்று பேசினார்கள். யாரும் உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு செருப்புச் சத்தம் நகர்ந்து போயிற்று. எனக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் அடுத்த வீட்டு வாசலில் டிரம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. பாட்டும் சேர்ந்துகொண்டது, ஊரே அதிரும்படி.

நான் திரும்பி அவரைப் பார்க்கப் பயந்தேன்.

"நம்ம ஸ்டாரு கட்டல இல்ல?" என்றார்.

சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"எதுத்த வூட்டு ஸ்டாரு கலர் கலரா மாறும். நம்மளது மஞ்ச பல்பு. எனக்குத் தெரியாதா டீச்சர்? நீ கட்டலன்னா ஏதோ காரணம் இருக்கும்னு வுட்டுட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "டிரம்ம நிறுத்திட்டானுங்க பாத்தியா? என்னிய முடிச்சிட்டானுங்க."

அதைச் சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போய், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. வயிற்று வலியில் சுருண்டு கிடந்த நாட்களில்கூட அழாத மனுஷன்.

எனக்கு எப்படி வெளியே போனேன் என்று தெரியவில்லை. செருப்பு போடவில்லை. சேற்றில் ஓடினேன். அடுத்த வீட்டு வாசலில் வட்டமாக நின்று பாடிக்கொண்டிருந்தவர்களின் நடுவில் போய் நின்று கத்தினேன்.

"நிறுத்துங்கடா! எங்க வூட்ல யாருடா செத்தா? சொல்லுங்கடா, யாரு செத்தா?"

பாட்டு அறுந்தது. குழுவுக்குத் தலைவனாக இருந்தவன் என்னிடம் ரெண்டாம் வகுப்பு படித்தவன். இப்போது பைக் ஷோரூமில் வேலை, மீசையெல்லாம் வைத்த ஆள். கையில் பாலன் சுரூபத்தைப் பிடித்திருந்தான். முகம் செத்துப்போயிற்று.

"இல்ல டீச்சர். மாமாவுக்கு முடியல, சத்தம் ஆவாதுன்னு நெனச்சோம். ஸ்டாரும் இல்ல. பாடறதான்னும் தெரியல. உள்ள வந்தா இன்னா செபம் சொல்றதுன்னும் தெரியல டீச்சர். அதான் கேட்டாண்டயே நின்னு வேண்டிக்கினு வந்துட்டோம்."

அவன் சொன்னது உண்மைதான். சாவு வீட்டுக்கு ஒரு செபம் இருக்கிறது. சந்தோஷ வீட்டுக்குப் பாட்டு இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு எங்கள் வழக்கத்தில் எதுவும் இல்லை. இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரத்தில் எனக்குக் கண்மண் தெரியாத கோபம்.

"உயிரோட இருக்கற மனுஷனுக்கு இன்னாடா செபம்? வந்து பாடுங்கடா!"

வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றுக் காலோடு முன்னறையில் நெருக்கியடித்து நின்றார்கள். யாரும் கட்டிலை நிமிர்ந்து பார்க்கவில்லை. டிரம் வைத்திருந்தவன் குச்சியை எடுக்காமல் விரலால் தட்டினான்.

"இன்னாடா, பஞ்சு மூட்டையா அது? அடிடா" என்றார் கட்டிலில் இருந்தவர்.

அதன்பிறகுதான் அடித்தான். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. டீ பாத்திரத்தோடு வந்த அவருடைய அக்கா அதைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதல் பாட்டு முடிந்ததும் தலைவன் சுரூபத்தை அவர் கையில் கொடுத்தான். அவர் அதன் பாதத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல் நெஞ்சின் மேல் படுக்க வைத்துக்கொண்டார். அவருடைய மூச்சுக்கு அது ஏறி ஏறி இறங்கியது. இன்னும் பாதித் தெரு பாக்கி இருந்தது. ஆனால் ஒருவரும் கிளம்பவில்லை. சொல்லாமலே ரெண்டாவது பாட்டைப் பாடினார்கள்.

முடிந்ததும் அவர் தலைவனைக் கிட்டே கூப்பிட்டார்.

"அடுத்த வருஷம் இந்த வூட்ல ஸ்டாரு இருக்காது. அப்பவும் டிரம்ம நிறுத்தாதீங்கடா. அடிச்சிக்கினே உள்ள வரணும். எனக்குக் கேக்கணும்."

"மாமா, அப்பிடிலாம் சொல்லாதீங்க."

"வாக்கு குடுடா."

அவன் சுரூபத்தின் காலைத் தொட்டு வாக்குக் கொடுத்தான்.

"டீச்சர், நீயும் கேட்டுக்க" என்றார் என்னிடம். "நிறுத்தக் கூடாது."

நான் கேக் எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

அவர்கள் போனதும் அவருடைய அக்காவே பரண் ஏறி ஸ்டாரை எடுத்துவந்து "கட்டுடி" என்றார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் பல்பு எரிந்தது. அவர் கட்டிலில் படுத்தபடியே கழுத்தை வளைத்துப் பார்த்தார்.

கிறிஸ்துமஸ் வரை அவரால் தள்ள முடியவில்லை. நாலாவது மெழுகுவர்த்தி ஏற்றின வாரத்தில், ஒரு விடியற்காலையில், பிள்ளையார் கோயில் ஸ்பீக்கரில் மார்கழிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, என் மடியில் கை வைத்தபடியே போய்விட்டார். எதை நினைத்து அவருடைய அக்கா பயந்தாரோ அதுவே நடந்தது. ஸ்டாரை இறக்கியதும் அவர்தான். ஸ்விட்சை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. எரிகிற பல்போடு கழற்றி, கையைச் சுட்டுக்கொண்டார்.

அடக்கப் பூசைக்கு ஃபாதர் ஊதா உடையில் வந்தார். திருவருகைக் காலத்துக்கும் அதே நிறம், சாவுக்கும் அதே நிறம். வேறு உடை மாற்ற வேண்டிய வேலைகூட அவருக்கு இல்லை. கல்லறையில் வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. ஏரி நிரம்பின மாதத்தில் எங்கள் ஊரில் அப்படித்தான் ஆகும். வாளியால் இறைத்து இறைத்து ஊற்றினார்கள். சளி பிடித்தால் மூக்கில் தைலத்தைத் தடவிக்கொண்டு உலகமே முடிந்துவிட்டதுபோல் படுத்துக்கொள்கிற மனுஷன். அவரை அந்த ஈரத்தில் விட்டுவிட்டு வந்தேன். கிறிஸ்துமஸ் பூசையில் கோயில் மணியெல்லாம் ஒன்றாக அடித்து வானவர் கீதம் பாடியது வீடு வரை கேட்டது. எதிர் வீட்டு அம்மா சாப்பாடு கொண்டுவந்து வைத்திருந்தார். அது அப்படியே ஆறிக்கிடந்தது. மீட்பர் வந்துவிட்டார் என்று பாடினார்கள். வரட்டும், எனக்கென்ன என்று உட்கார்ந்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆண்டவருக்கும் இது தெரியும்.

அடுத்த வருஷம் திருவருகைக் காலம் வந்தபோது அவர் கேட்ட வாக்கு ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. அது முறையில்லை, வருஷம் திரும்பாத வீட்டில் டிரம் அடிக்கிறதா என்று பெரியவர்கள் சிலர் பேசினார்கள். குழுத் தலைவன் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வந்து வாசலில் நின்றான்.

"அடிக்கட்டுமா டீச்சர்?"

"அவரு சொன்னாருல்ல? அடிங்கடா. எவனாவது கேட்டா என்னாண்ட அனுப்பு."

அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கேக் வாங்கி வைத்தேன். டீக்குப் பால் வாங்கினேன். வெள்ளைப் புடவை வேண்டாம் என்று அவருக்குப் பிடித்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் வந்தார்கள். பக்கத்து வீட்டில் பாட்டு முடிந்தது. டிரம் நிற்கவில்லை. அடித்துக்கொண்டே கேட்டைத் திறந்து, அடித்துக்கொண்டே படியேறி, அடித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். பஞ்சு மூட்டை மாதிரி இல்லை, அவர் ஆசைப்பட்ட மாதிரியே அடித்தான் அந்தப் பையன். முன்னறையில் கட்டிலை எடுத்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் கட்டில் கிடந்த அந்த இடத்தில் ஒருவரும் கால் வைக்கவில்லை. ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு ஜன்னல் ஓரத்தில் தரை காலியாகக் கிடந்தது.

பாலன் சுரூபத்தை என் கையில் கொடுத்தார்கள். நான் அதை முத்தி செய்யவில்லை. அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஏறிக்கொண்டே போயிற்று. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சத்தம் போதவில்லை என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

"போதும்டா" என்றேன்.

அவர்களுக்குக் கேட்கவில்லை.

"போதும். நிறுத்துங்கடா."

டிரம் அடித்தவன் நம்பாமல் இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு நிறுத்தினான். தலைவனின் கண் நிறைந்திருந்தது.

"டீச்சர், மாமாவுக்கு வாக்கு குடுத்தோம். அவருக்குக் கேக்கணும்னு சொன்னாரு."

எங்கள் ஊரில் 'தவறிட்டார்' என்று சொல்வோம், 'போய்ட்டார்' என்று சொல்வோம். ஆபீஸில் கேட்டால் 'காலமாயிட்டார்' என்போம். அந்த வருஷம் முழுக்க நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அவருக்குக் கேக்காதுடா. அவரு செத்துட்டாருடா" என்றேன். பாலனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.